பல்லை எண்ணிவிட்டுப் பூட்டு

குன்னூர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள சேவியர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம். பர்லியார் பக்கம் மண் சரிந்து வண்டிகளெல்லாம் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போயின. வொர்க்‌ஷாப்பில் பிரேக்கும் கிளட்சுமாக வேலை குவிந்துவிட்டது. அம்மா நலமாக இருக்கிறார். பெரியவள் கோவையில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். தேயிலை பற்றிக் கேட்டிருந்தாய். இலை நன்றாகத் துளிர்க்கிறது, விலைதான் இல்லை. அதை நேரில் பேசலாம். இப்போது நீ பிரித்து வைத்திருக்கும் படகு டிரைவுக்கு, அதாவது இன்ஜினின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் கியர் அமைப்புக்கு, வருகிறேன்.

தூத்துக்குடியில் உள்ளே இன்ஜினும் நீள ஷாஃப்டும் வைத்த படகு, இல்லாவிட்டால் முழு இன்ஜினும் வெளியே தொங்கும் அவுட்போர்டு, இவற்றில்தான் உனக்குப் பழக்கம். இன்ஜின் படகுக்குள்ளும் டிரைவ் பின்பலகைக்கு வெளியிலுமாக இருக்கும் இந்த ஸ்டெர்ன்டிரைவ், வோல்வோ பென்டா 1959இல் அக்வாமேட்டிக்கைக் கொண்டுவந்த பிறகு பரவிய ஏற்பாடு. சுழற்சி மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று இரண்டு தடவை செங்குத்தாகத் திரும்புகிறது. திரும்புகிற இரண்டு இடத்திலும் இருப்பது நான் நாள் முழுக்கப் புரட்டுகிற கிரவுன் பினியன் (பெரிய பல்சக்கரமும் அதைக் கடிக்கும் சின்னதும்) வேலைதான். அதனால் கடல் தெரியாதவன் சொல்கிறானே என்று நினைக்காமல் கேள்.

மேல் ஹவுசிங்கில் பினியனிலும், அது கடிக்கிற மேல், கீழ் கியர்களிலும் பஞ்சால் குத்திய அடையாளப் புள்ளி இருக்கிறது, இதில் டைமிங் (எந்தப் பல் எதனோடு சேர வேண்டும் என்பது) பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. இன்ஜினில் கிராங்க் கியரையும் கேம் கியரையும் புள்ளி சேர்த்துப் பூட்டுவது, பிஸ்டனோடு ஒத்து வால்வு திறப்பதற்காக. டிரைவில் வால்வு கிடையாது. எப்படிப் பூட்டினாலும் சுற்றும், படகும் போகும். அதனால்தான் பலர் அந்தப் புள்ளியைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் காரணம் இருக்கிறது. அது பல் எண்ணிக்கையில் இருக்கிறது.

பினியனுக்கு 14 பல், எதிர் கியருக்கு 28 என்று வை. பினியனின் ஒவ்வொரு பல்லும் எத்தனை சுற்று சுற்றினாலும் எதிரில் அதே இரண்டு பல்லைத்தான் சந்திக்கும். 15, 24 என்றால் இரண்டையும் 3 வகுக்கும், அதுதான் பொது வகுத்தி. ஒரு பல் எதிரில் எட்டுப் பல்லை மட்டும் சந்திக்கும், மற்ற பதினாறை ஒருபோதும் தொடாது. 13, 28 என்றால் 1ஐத் தவிரப் பொது வகுத்தியே இல்லை. ஒவ்வொரு பல்லும் 28 பல்லையும் முறை வைத்துச் சந்தித்துவிடும். இந்தக் கடைசி வகையில் எங்கே சேர்த்தாலும் தேய்மானம் சமமாகப் பரவும். முதல் இரண்டு வகையில் அப்படி இல்லை. தொழிற்சாலையில் லேப்பிங் செய்தபோதும் (இரண்டையும் சேர்த்துச் சுற்றி உரசிப் பொருத்தியபோதும்), பிறகு ஓடிய காலம் முழுக்கவும் எந்தப் பல் எதனோடு உரசிப் பழகியதோ அதன் வடிவத்துக்குத்தான் படிந்திருக்கும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் பழகாத பற்கள் மோதும். முதலில் ஊளைச் சத்தம், பிறகு பல் முகத்தில் குழி. அந்த ஜோடியைத் திரும்பச் சேர்க்கத்தான் புள்ளி.

பள்ளி விட்டதும் நாம் லோகோ ஷெட் வேலியோரம் நின்று பார்த்த நீராவி இன்ஜின் நினைவிருக்கிறதா? கல்லாறிலிருந்து இங்கே வரை, 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதையில், தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல்சட்டம். ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக இருக்கும். ஒரு சட்டத்தில் பல் விடுபடும்போது அடுத்ததில் கடித்திருக்கும். அங்கே பல்லின் இடம் தவறினால் அப்போதே தெரிந்துவிடும். உன் டிரைவில் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து நடுக்கடலில்தான் தெரியும். எனக்குக் கவலை அதுதான்.

எனவே முதலில் மூன்று கியரிலும் பல்லை எண்ணு. டீசலில் கழுவி, புள்ளிகளில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வை. கியர் முகத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எண் பொறித்திருந்தால் அது ஷிம் (கியரின் இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) கணக்குக்கானது. புள்ளியோடு குழப்பிக்கொள்ளாதே. ஷிம் வேலையை முதலில் முடி. பல் வளைந்து வெட்டியது என்பதால் பினியன் உள்ளே இறங்கும்போது கொஞ்சம் திரும்பிக்கொண்டே போகும். புள்ளிக்கு நேராக வைத்துத் தள்ளினால் கடைசியில் ஒரு பல் தாண்டி உட்காரும். சற்று முன்னால் பிடித்து இறக்கு, திரும்பி வந்து சேரும். கீழ்க் கியர் கண்ணுக்கு மறையும், டார்ச் அடித்து இரண்டையும் பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்கு. பிறகு கையால் சுற்றினால் அடுத்த சுற்றிலேயே புள்ளிகள் சேராது. 15, 24 என்றால் பினியன் எட்டுச் சுற்று வந்த பிறகுதான் சேரும். பதறிப்போய்த் திரும்பக் கழற்றிவிடாதே.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளியான பேக்லாஷை டயல் கேஜ் வைத்து நாலைந்து இடத்தில் பார். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் மேனுவலில் மட்டும் எடு, அடுத்த மாடலின் அளவு உதவாது. புரூஷியன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைப் பல்லில் தடவிச் சுற்றினால், பல் கடித்த இடத்தின் அச்சு பல்லின் நுனிக்கோ அடிக்கோ ஒதுங்காமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கோணத்தில் இருக்கும் இரண்டு ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் ஜாயின்ட். போன மாதம் ஒரு எஸ்டேட் பிக்கப் வந்தது. வேறெங்கோ புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டியதிலிருந்து உடம்பே ஆடுகிறது என்றார் டிரைவர். குனிந்து பார்த்தால் ஸ்லிப் ஜாயின்டில் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் இணைப்பில்) அம்புக்குறிகள் நேராக இல்லை, ஸ்ப்லைன் பள்ளம் மாறி ஏறியிருந்தது. கோணத்தில் சுற்றும் ஒரு கிராஸ், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனையில் உள்ளது அதைச் சரிக்கட்ட வேண்டுமானால் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக் இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். உன் டிரைவிலும் இரட்டை கிராஸ்தான். ஷாஃப்டைப் பிரித்திருந்தால் அதையும் பார்த்துவிடு.

எண்ணெய் பால் மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங் ஒன்றையும் நம்பாதே, துரு தொட்டதை மாற்று. சீலும் ஓரிங்கும் எல்லாமே புதிது போடு. எண்ணெய் ஊற்றும் முன் காற்றழுத்தம் கொடுத்து நிற்கிறதா பார். அந்தச் செலவுக்குப் படகுக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதே.

மூன்று கியரின் பல் எண்ணிக்கையையும், பினியனைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் அனுப்பு. தேய்மானத்தைப் பார்த்து, ஜோடியைத் திரும்பப் போடலாமா, செட்டாகப் புதிது வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன். ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி மற்றதைப் பழையதாகப் போடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. அம்மா உன் வீட்டுக் கருவாட்டைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன்,
முருகேசன்