பிசுபிசுக்கும் கீரை: எண்ணெய் வாங்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்து பனி இறங்கியதிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே புகார்தான் சொல்கிறீர்கள். "கீரை இலையெல்லாம் பாகு தடவின மாதிரி ஒட்டுது, எறும்பு மொய்க்குது." நாங்களும் கேட்ட கையோடு வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு என்று காலடிப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் புரிந்தது.

அந்த வீட்டு அம்மா மூன்று வாரம் விடாமல் எண்ணெய் அடித்திருக்கிறார். பாலக்கில் பிசுபிசுப்பு போகவேயில்லை. நேரில் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் ஒரு பூச்சிகூட இல்லை. மேல்பக்கம் மட்டும் மினுமினுத்தது. அண்ணாந்து பார்த்தால், பக்கத்து வீட்டுத் தென்னையின் மட்டை கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தொட்டிகளுக்கு நேர் மேலே தொங்குகிறது. கீற்றின் அடியில் வெள்ளை மெழுகில் சுழி சுழியாகக் கோலம் போட்டதுபோல் முட்டைகள். சுருள் வெள்ளை ஈ! நம் நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில் முதலில் தென்பட்ட பூச்சி இது. மேலே அது கழிப்பது கீழே கீரையில் சொட்டியிருக்கிறது. தொட்டிகளைப் பத்தடி தள்ளி வைத்தோம், இலைகளைக் கழுவினோம், அவ்வளவுதான். எண்ணெய்க்கு வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இந்த மடலை எழுத அதுவே காரணம்.

பிசுபிசுப்பு நோய் அல்ல. செடியின் சாற்றில் சர்க்கரை அதிகம், பூச்சி வளரத் தேவையான புரதச் சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகப் பூச்சி ஓயாமல் உறிஞ்சுகிறது. மிஞ்சின சர்க்கரையைப் பின்வழியே சொட்டுச் சொட்டாக விடுகிறது. எறும்பு வருவது அதற்குத்தான். எனவே முதலில் இலையைத் திருப்புங்கள். கொழுந்திலும் காம்பிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ பேன் மாதிரி கும்பலாக இருந்தால் அசுவினி. தட்டினால் வெள்ளைத் தூசி மாதிரி பறந்தால் வெள்ளை ஈ. கணுவில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. புளிச்ச கீரை, செம்பருத்தி இரண்டிலும் இது விரும்பி அடையும். மூக்கிரட்டையின் காய் கையில் ஒட்டுவது அதன் இயல்பு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூரில் இலை கறுத்தால் ஆலைக் கரி என்று விட்டுவிடுகிறோம். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். தூசி என்றால் விரலில் வந்துவிடும், இலை வழவழவென்று இருக்கும். ஏடு மாதிரி உரிந்து, அடியில் ஒட்டினால் அது கரும்பூசணம், சர்க்கரையின் மேல் வளர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதாவைக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் பொருக்கோடு கறுப்பும் உதிரும்.

பூச்சி செடியிலேயே இருந்தால் முதல் மருந்து தண்ணீர்தான். குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். அசுவினியில் பெரும்பகுதி இதிலேயே விழுந்துவிடும். போகவில்லை என்றால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதைக் கரைக்கக் கொஞ்சம் காதி சோப்பு. இளங்கீரைக்கு 3 மில்லி போதும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். நம் ஊர் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். அசுவினி முட்டையிடாமலே குட்டி போடும், ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டியும் தாயாகிவிடும். அதனால் ஐந்தாறு நாளில் இன்னொரு முறை அடித்தே ஆக வேண்டும். மாவுப்பூச்சி அடைந்த தண்டை நறுக்கிப் பையில் கட்டி எறியுங்கள். கடலைப் புண்ணாக்கை அள்ளி அள்ளி ஊற்றினால் கொழுந்து சதைப்பிடித்து அசுவினிக்கு விருந்தாகிவிடும், கையை அடக்குங்கள்.

கடுமையான பூச்சிமருந்து கேட்டால், கீரைக்கு நாங்கள் தருவதில்லை. சிறுகீரை, முளைக்கீரை ஒரு மாதத்தில் பறித்துக் குழம்புச் சட்டியில் போய்விடும். சாற்றோடு கலக்கும் மருந்து வெளியேற அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தாயிற்று. இன்றும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி தீப்பெட்டிக்குள் ஒரு புழுவைப் பிடித்து வந்தார். கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, குட்டி முதலை மாதிரி இருந்தது. "இதைக் கொல்ல என்ன அண்ணே இருக்கு?" என்றார். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்று வளர்வது. கையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினோம். எறும்பு அதை விரட்டும் என்பதால், தொட்டியைச் செங்கல்லில் ஏற்றித் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொன்னோம்.

சந்தேகம் இருந்தால் ஒரு இலையும், செடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று காட்டும் ஒரு போட்டோவும் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்லக் காசு இல்லை. இலையைப் போட்ட கவரின் வாயை மட்டும் இறுக்கக் கட்டிக்கொள்ளுங்கள், கடை வாசலில் நாற்றுகள் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடை,
தண்டையார்பேட்டை