பெல் பாட்டிஞ்சரை வெளியேற்றினீர்கள், சரி. அப்புறம்?

லண்டனில் இயங்கும் மக்கள் தொடர்பு, தகவல்தொடர்புச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2017 செப்டம்பர் 4 அன்று, தென்னாப்பிரிக்காவில் நடத்திய பிரசாரத்துக்காக பெல் பாட்டிஞ்சர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை உங்கள் சங்கத்திலிருந்து நீக்கினீர்கள். ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப விண்ணப்பிக்கக்கூட முடியாது என்றீர்கள். எட்டே நாளில் அந்த நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. தண்டனை சரிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த நிறுவனம் புகுந்து வந்த வழி திறந்தேதான் கிடக்கிறது.

அதன் நிறுவனரான டிம் பெல், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் தேர்தல் பிரசாரங்களில் பெயர் வாங்கியவர். அவர் 1980களில் தொடங்கிய தொழில், மற்றவர்கள் கை வைக்கத் தயங்கிய வாடிக்கையாளர்களை ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. சிலியின் சர்வாதிகாரி பினோசேயின் தரப்பு வந்தது, பெலாரஸின் ஜனாதிபதி லுகாஷென்கோ வந்தார். 2011-ல் உஸ்பெகிஸ்தான் அரசின் ஆட்கள்போல நடித்துப் போன பத்திரிகையாளர்களிடம், இணையத் தேடலில் கெட்ட செய்திகளைப் பின்னுக்குத் தள்ளும் திறமையைப் பற்றி அதன் அதிகாரிகள் பெருமையாகவே பேசினார்கள். அதெல்லாம் செய்தியாக வந்தது. நிறுவனம் அசையவில்லை. அதன் துணிச்சலைப் பார்த்தே தேடி வந்த வாடிக்கையாளர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

பிறகு தென்னாப்பிரிக்கா. அன்றைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமான குப்தா சகோதரர்களின் ஓக்பே நிறுவனம், 2016 தொடக்கத்தில் மாதம் 1 லட்சம் பவுண்டுக்கு இவர்களை அமர்த்தியது. அரசையே குப்தாக்கள் வளைத்துப்போட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போது ‘பொருளாதார இன ஒதுக்கல்’ பற்றிய பேச்சு ட்விட்டர் உட்படப் பல இடங்களில் திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. நாட்டின் செல்வம் வெள்ளையர் கையிலேயே குவிந்திருக்கிறது என்பதைச் சொல்ல அதில் அடிபட்ட ‘வெள்ளையர் ஏகபோக மூலதனம்’ என்ற சொல் பழையதுதான். அது சுட்டிய ஏற்றத்தாழ்வும் பொய்யல்ல. அதனால்தான் இந்த வேலை இவ்வளவு கேவலமானது. ஒரு நாட்டின் உண்மையான வலியை எடுத்து, ஒரு பணக்காரக் குடும்பத்தின் மேலிருந்த பார்வையைத் திருப்பப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரசாரத்தில் அடி வாங்கிய தொழிலதிபர்களில் யோஹான் ரூபர்ட்டும் ஒருவர். அவர் தலைவராக இருந்த ரிஷ்மோன் நிறுவனம் அதே பெல் பாட்டிஞ்சரின் வாடிக்கையாளர்! இப்படியும் ஒரு தொழில் விசுவாசம்.

‘வழக்கறிஞர் யாருக்கும் வாதாடலாம் என்றால் நாங்கள் மட்டும் ஏன் கூடாது’ என்று உங்கள் தொழிலில் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாதாடுங்கள். ஆனால் வழக்கறிஞர் எழுந்து நின்றதும், தான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார். எதிர்த்தரப்புக்கும் அங்கே ஆள் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் காலையில் ட்விட்டரைத் திறந்தவருக்கு அப்படி யார் சொன்னார்கள்?

1990-ல், ஈராக் குவைத்தைப் பிடித்திருந்தபோது, அமெரிக்காவில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நாயிரா என்ற 15 வயதுப் பெண், குவைத் மருத்துவமனையில் ஈராக் வீரர்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துப் போட்டதாக அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் அழுதுகொண்டே சாட்சி சொன்னார். அவர் குவைத் தூதரின் மகள் என்பது 1992-ல், போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. குவைத்துக்காக அந்தப் பிரசாரத்தை நடத்திய ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. வெளிநாட்டுக்காக வேலை செய்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் அங்கே 1938 முதல் இருப்பதால் இந்தப் பணத்தின் தடமாவது காகிதத்தில் இருந்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது? அரசியல்வாதிகளைச் சந்தித்து லாபி செய்யும் உறுப்பினர்கள் வாடிக்கையாளர் பட்டியலை வெளியிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். மந்திரியிடம் பேசினால் பட்டியல் வேண்டும், ஒரு நாட்டு மக்களிடமே பேசினால் வேண்டாமா? அரசுகளுக்காகவும் அரசியல் தொடர்புள்ளவர்களுக்காகவும் நடத்தும் எல்லாப் பிரசாரத்துக்கும் அந்த விதியை நீட்டுங்கள். யார் பணம் தருகிறார், எவ்வளவு, எந்தக் கணக்குகளிலிருந்து பதிவு போகிறது என்பது வெளியே தெரியட்டும்.

இன்னொன்று. 2017-ல் உங்கள் விசாரணையைத் தொடங்கி வைத்தது தென்னாப்பிரிக்காவின் அன்றைய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணியின் புகார். அடிபட்ட நாட்டிலிருந்து ஒருவர் லண்டன்வரை வந்து மனு கொடுக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? செய்தி வந்ததும் நீங்களே விசாரிக்கலாம். விசாரணையில் பொறுப்பாளிகள் என்று தெரிய வருபவர்களைப் பற்றிய முடிவையும் பெயரோடு வெளியிடலாம். இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. நிறுவனம் மூடியதும் அதே ஆள் புதுப் பலகை மாட்டி மறுநாளே உட்காரலாம்.

இந்த இரண்டு விதிகளையும் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வைப்பீர்களா? வைக்க மாட்டோம் என்றால் அதற்கான காரணத்தையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
செய்தி படிக்கும் ஒருவர்