கயலுக்கு, ஒரு பழைய பத்திரம் பற்றி

அன்புள்ள கயல்,

டிசம்பரில் வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தாய். பாதாமும் சென்ட்டும் வேண்டாம். எனக்கு பால்ட்வின் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் கம்பெனியின் பழைய ஷேர் சர்டிபிகேட் ஒன்று வேண்டும். நீ இருக்கும் பிலடெல்பியாவில் பிறந்த கம்பெனிதான். 70,000 எஞ்சின்களுக்கு மேல் செய்து உலகமெல்லாம் அனுப்பியவர்கள், 1956-ல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். 1947-ல் நம் ரயில்வேக்கு முதலில் வந்த 16 டபிள்யூபி வகை நீராவி எஞ்சின்கள் அவர்கள் கட்டியவை. அப்புறம் அதே வகையை வேறு நாடுகளிலும், நம் சித்தரஞ்சனிலும் நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். உன் தாத்தா பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தபோது கரி அள்ளிப் போட்டது டபிள்யூபி எஞ்சினில்தான். அதனால்தான் இத்தனை ஆசை.

என்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் ஷேர் பத்திரத்தை நீ சரியாகப் பார்த்ததில்லை. முன்பக்கம் டைப்ரைட்டரில் அடித்த இரண்டு பெயர்கள், கணவனும் மனைவியும். பின்பக்கம் மாற்றிக்கொடுக்கும் இடத்தில் மனைவியின் கையெழுத்து மட்டும், கொஞ்சம் நடுங்கினாற்போல. நான் வேலை பார்த்த ஷேர் டிபார்ட்மென்டில், பங்கைப் பெயர் மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் டீட் எத்தனை பார்த்திருப்பேன்! இரண்டு பேர் பெயரில் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், கூடவே ஒரு இறப்புச் சான்றிதழ் வந்திருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் எனக்குத் தெரிந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

அந்தப் பத்திரத்தில் குறுக்கே வரிசையாக ஓட்டை போட்டிருக்கும். கெட்டுப்போன பத்திரம் என்று அதைத் தள்ளிவிடாதே. முறைப்படி பெயர் மாறி, கம்பெனி ரத்து செய்தது என்பதற்கு அடையாளம் அது. அந்த அம்மாள் விற்றுப் பணம் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். 2001-ல் பெத்லஹேம் திவால் ஆன பிறகு, கடைசிவரை பங்கை விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தேறவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளிகளின் மருத்துவச் சலுகையும் போயிற்று. கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்பு கொடுத்த கம்பெனி! அவர்கள் இரும்பு உருக்கிய உலைகள் இன்னும் நிற்கின்றன, உன் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

சரி, வாங்கும்போது கவனிக்க வேண்டியது. நியூயார்க் சந்தையில் இருந்த கம்பெனிகளின் பத்திரத்தில் மனித உருவம் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. முகத்தையும் கையையும் எஃகுத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாகச் செதுக்குவார்கள். கள்ளப் பத்திரம் அடிப்பவனால் அதை அப்படியே கொண்டுவர முடியாது. பல நாடுகளுக்குக் கரன்சி நோட்டு அச்சடித்த அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்றவர்கள்தான் இதையும் செய்தார்கள். அப்படி அச்சிட்டதை விரலால் லேசாகத் தடவினால் மை மேடு தட்டுப்படும். எங்கும் வழவழவென்று இருந்தால் நகலாக இருக்கலாம், யோசித்து வாங்கு.

ஃப்ரேம் போட்டதை வாங்காதே. சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், ஆனால் எனக்குப் பின்பக்கம்தான் முக்கியம். பெரிய முதலாளியின் கையெழுத்து இருந்தால் விலை எங்கோ போய்விடும், அதுவும் நமக்கு வேண்டாம். யாரோ ஒரு டீச்சர், ஒரு கடைக்காரர் வாங்கி விற்ற சாதாரணப் பத்திரம் போதும்.

இப்போது பங்கெல்லாம் காகிதமே இல்லாத டீமேட் கணக்கில் வெறும் எண்ணாகிவிட்டது. அதில் வசதி இருக்கிறது, பத்திரம் திருட்டுப் போகும் பயம் இல்லை, நானே மற்றவர்களுக்கு அதைத்தான் சொன்னேன். ஆனாலும் தாத்தா கரி அள்ளிப் போட்ட எஞ்சின் வகை எங்கே, யாருடைய காசில் பிறந்தது என்று உன் பிள்ளைகளுக்குக் காட்ட, கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும் எனக்கு.

லேமினேட் பண்ணிவிடாதே, செலோ டேப்பும் ஒட்டாதே. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டு வா, பெரிய பெட்டியில் போடாதே. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா