சாட்சியை ஒருமுறை அந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள்

புலன் விசாரணை செய்யும் காவல் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு 68 வயது. சென்ற ஆண்டு ஒரு மாலை, எங்கள் ஊர் முச்சந்தியில் சிப்ஸ் கடை வாசலில் நின்றிருந்தார். அவர் கண்ணெதிரே ஒரு மினி லாரி, பைக்கில் வந்த பையனை இடித்துவிட்டு நிற்காமல் போனது. மறுநாள் மதியம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வண்டி நம்பர் என்ன, என்ன கலர், டிரைவர் எப்படி இருந்தான், எத்தனை மணி என்று அடுத்தடுத்துக் கேள்விகள். அப்பா தடுமாறினார். “பார்த்தேன்னு வந்துட்டு ஒண்ணுமே தெரியலன்னா எப்படி பெரியவரே?” என்றார் அதிகாரி. அதற்கு மேல் அப்பாவுக்கு வாய் எழவில்லை. ரைட்டர் எழுதி முடித்தபோது வாக்குமூலம் அரைப் பக்கம்கூட வரவில்லை.

பத்து நாள் கழித்து நானும் அப்பாவும் அதே கடைக்குப் போனோம். மாஸ்டர் வாழைக்காயை நேராக எண்ணெய்க்குள் சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில், அந்த வாசனையில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். “பின்னாடி நீலத் தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்து ஆடிக்கிட்டே போச்சு. பின்பக்கம் ஒரு லைட்டு எரியல.” நான் எதுவும் கேட்கவில்லை. தானாக வந்தது. உடனே ஸ்டேஷனுக்குப் போன் செய்தோம். வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். “ஞாபகம் இல்லை” என்று ஒருவர் சொல்வதில் இரண்டு விதம் உண்டு. மனதில் பதியவே இல்லை என்பது ஒன்று. பதிந்திருக்கிறது, ஆனால் இந்த இடத்தில், இந்த நேரத்தில் மேலே வரவில்லை என்பது இன்னொன்று. எண்டெல் டல்விங், டொனால்ட் தாம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: ஒன்று மனதில் பதியும்போது கூடவே எது பதிந்ததோ, அதுதான் பின்னால் அதை இழுத்துக் கொண்டுவரும் கயிறு. அப்பாவின் லாரியோடு சேர்ந்து பதிந்தது எண்ணெய்ச் சத்தம். ஸ்டேஷனில் இருந்ததோ வயர்லெஸ் இரைச்சல்.

1975இல் ஸ்காட்லாந்தில் காடன், பேட்லி இருவரும் 18 முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை பேர் பெற்றது. தண்ணீருக்கு அடியில் கேட்ட சொற்கள் தண்ணீருக்கு அடியிலும், கரையில் கேட்டவை கரையிலும் அதிகமாக நினைவுக்கு வந்தன. 2021இல் வேறு ஒருவர் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கதை அந்த ஒரு சோதனையோடு முடியவில்லை. இடத்துக்கே போக முடியாவிட்டாலும், சொற்களைக் கற்ற அறையை மனதில் நிதானமாக நினைத்துப் பார்த்தாலே போதிய பலன் கிடைக்கிறது என்று 1979இல் ஸ்டீவன் ஸ்மித் காட்டினார்.

இதை அடித்தளமாக வைத்தே கைசல்மன், ஃபிஷர் என்ற இருவர் 1980களில் சாட்சிகளை விசாரிக்க ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் சாட்சியை அந்த இடத்துக்கு மனதால் திரும்பக் கொண்டுபோவது: எங்கே நின்றீர்கள், வெயிலா மழையா, கையில் என்ன வைத்திருந்தீர்கள், மனதில் என்ன ஓடியது. அப்புறம் குறுக்கிடாமல் முழுவதையும் சொல்ல விடுவது. 1989இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற மயாமி துப்பறிவாளர்களுக்குச் சாட்சிகளிடமிருந்து முன்பைவிட 47 சதவீதம் அதிகத் தகவல் கிடைத்தது. கேட்ட விதம் மட்டும்தான் மாறியிருந்தது.

நம்மிடம் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் ஆவணம்) தயாரிக்கவும் மாதிரி வரைபடம் போடவும் நீங்கள் எப்படியும் ஸ்பாட்டுக்குப் போகிறீர்கள். சாட்சி சம்மதித்தால், சம்பவம் நடந்த அதே நேரத்தில் சாட்சியையும் அழைத்துப் போய் அங்கேயே பேச விடுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவரை அவர் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 179ஆம் பிரிவே சொல்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. கூப்பிட்டார்கள், சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. பயந்த மனதிலிருந்து முழு நினைவு வராது என்பது சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. ஒரு பெரியவரும் உங்கள் மேசைக்கு முன் அதே அளவு பயப்படுவார் ஐயா.

பயம் மட்டுமில்லை, துக்கமும் நினைவைத் தனக்கு ஏற்றபடி பொறுக்கி எடுக்கும். ஒரே மனச்சோர்வு நோயாளிகளிடம், ஒரு நாளிலேயே சோர்வு கூடிய வேளையிலும் குறைந்த வேளையிலும் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள், 1982இல். சோர்வு கூடிய வேளையில் கசப்பான நினைவுகளே அதிகம் வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மறுநாளே விசாரித்தால், “நான்தான் அவனைத் திட்டி அனுப்பினேன்” என்பதே திரும்பத் திரும்ப வரும். அதை வைத்து வீட்டில் தகராறு என்று எழுதிவிடாதீர்கள். அவர் சற்றுத் தேறிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நினைவுக்குக் கயிறு கொடுப்பது வேறு, பதிலையே கட்டிக் கொடுப்பது வேறு. 1974இல் லாஃப்டஸும் பாமரும் கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் “மோதியபோது” என்றும் சிலரிடம் “நொறுக்கியபோது” என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 50 பேரில் 7 பேர், இரண்டாவதில் 50 பேரில் 16 பேர். “நீலத் தார்ப்பாய் இருந்ததா?” என்று நீங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் ஆமாம் என்றிருப்பார், அந்த ஆமாமுக்கு மதிப்பும் இருந்திருக்காது. “அங்கே நின்றதும் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

இப்போது அப்பா அதைக் கோர்ட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். போலீசில் சொல்லாததை இங்கே ஏன் சொல்கிறீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். உண்மை பேசும் மனிதர் பொய்யராக நிற்பார். அந்தப் பையனின் குடும்பத்துக்கு அது இன்னும் பெரிய இழப்பு.

தாமதமாக நினைவு வந்தால் கூடுதல் வாக்குமூலம் வாங்குங்கள். எப்போது, எங்கே, எதைப் பார்த்து நினைவு வந்தது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

அப்பா இன்னும் அந்தக் கடை வாசலில் வந்து நிற்கத் தயாராக இருக்கிறார். மாலை 6 மணி வாக்கில் கூப்பிடுங்கள், எண்ணெய்ச் சட்டி அப்போதுதான் அடுப்பில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சாட்சியின் மகள்