சிவனுக்கு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரபஞ்சமே கடவுள் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாகச் சொல்லும் கட்டுரையை உங்கள் ஞாயிறு இதழில் இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக, இரண்டாம் தரம் சிவப்புப் பேனாவோடு. முப்பத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவளுக்கு அந்தப் பேனாவைக் கீழே வைக்க மனம் வராது, மன்னிக்க வேண்டும். கட்டுரையாளர் சொல்ல வந்த விஷயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் காலையில் விளக்கேற்றித் திருநீறு பூசுகிறவள்தான், மின்சாரம் போன இரவில் மொட்டை மாடிக்கு ஏறினால் வானத்தைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறவள்தான். அவர் கூட்டி வந்த சாட்சிகளோடுதான் சண்டை.

நடராஜர் சிலையை எடுத்துக்கொள்வோம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள, அணுத்துகள்களை ஆராயும் சேர்ன் ஆய்வுகூடத்தில் நடராஜர் நிற்கிறார், உண்மை. இரண்டு மீற்றர் உயரம், 2004 இல் இந்திய அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்தது. எங்கள் வீட்டு ஷோகேசிலும் யாரோ கொண்டுவந்து தந்த ஈபிள் கோபுரம் ஒன்று நிற்கிறது, அதற்காக நாங்கள் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடவில்லை. துகள்களின் ஓயாத அசைவை நினைத்தால் ஆடவல்லான் ஞாபகம் வருகிறது என்றால் அது நல்ல உவமை, எனக்கும் பிடித்த உவமை. "விஞ்ஞானிகளே சிவனை ஏற்றுக்கொண்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு கதை, அதை ஒரு பத்திரிகையும் அச்சடித்தால் என்னிடம் படித்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஐன்ஸ்டைனையும் கட்டுரையாளர் ஒரே வரியில் பக்தர் ஆக்கிவிட்டார். 1929 இல் நியூயோர்க்கில் இருந்து ஒரு யூத மதகுரு "கடவுளை நம்புகிறீரா" என்று தந்தி அடித்துக் கேட்டார். உலகத்தின் ஒழுங்கான இசைவில் தன்னைக் காட்டுகிற ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதரின் விதியிலும் செய்கைகளிலும் அக்கறை காட்டுகிற கடவுளை அல்ல என்பதுதான் ஐன்ஸ்டைன் அனுப்பிய பதிலின் சாரம். எல்லோரும் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்பாதியையும் சேர்த்து வாசித்தால், சோதினைக்கு முதல்நாள் பிள்ளையாருக்கு நாங்கள் உடைக்கிற தேங்காய்க்கு அங்கே இடமில்லை. அந்த ஸ்பினோசா கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்த தத்துவஞானி, 1656 இல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாமில் அவருடைய சொந்த யூதச் சமூகமே அவரைத் தள்ளிவைத்தது. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று பிற்காலத்தில் அவர் எழுதியதைக் கிறிஸ்தவ உலகமும் நாத்திகம் என்றுதான் திட்டியது. ஆக, இது எல்லா மதத்தையும் சமாதானப்படுத்துகிற சர்க்கரை வார்த்தை ஒன்றும் இல்லை.

சைவத்துக்கும் அது அவ்வளவு லேசாகப் பொருந்தாது. சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, உலகமே கடவுள் என்று அது சொல்லவில்லை. உலகத்தோடும் உயிர்களோடும் "ஒன்றாய், வேறாய், உடனாய்" இறைவன் நிற்கிறான் என்று சொல்கிறது. நிலம், நீர், தீ, காற்று, வெளி, சூரியன், சந்திரன், உயிர் என்று எட்டும் அவன் வடிவம் என்ற அட்டமூர்த்தத்தைச் சாதாரண தரத்துப் பிள்ளைகளே சொல்லுவார்கள், அதற்குப் பக்கத்தில் அந்த "வேறாய்" நிற்பதைத்தான் நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

திருவாசகத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையாகவே வலித்த இடம் அது. திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று பாடியதை எடுத்து, தொலைநோக்கி இல்லாமலே நட்சத்திரங்களை எண்ணிவிட்டார் என்று கட்டுரை சொல்கிறது. எங்கள் பால்வீதி ஒன்றில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி நட்சத்திரங்கள் இருப்பதாக இன்று கணிக்கிறார்கள். எண்ணிக்கைதான் பெருமை என்றால் மணிவாசகர் இப்போது தோற்றுப்போவார், அவரை அந்தப் பரீட்சை மண்டபத்துக்கு இழுத்துவந்தது யார்? ("மேற்பட" என்று ஒரு சொல்லைப் போட்டுத் தப்பிவிட்டார் மிஸ் என்று ஒரு மாணவன் சொன்னான், கெட்டிக்காரன்.) அந்தப் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதற்கு அடுத்த வரி. வீட்டுக்குள் நுழைகிற வெயில் கற்றையில் தூசி மிதக்குமே, அந்த அணுக்களைப் போல இத்தனை அண்டங்களும் சிறியவையாகும்படி அவன் பெரியவன் என்கிறார். ஒரு மனிதர் வீட்டுக்குள் சும்மா இருந்து தூசியைக் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறார் என்று இதை வாசிக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆய்வுகூடத்தில் நான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டதும் அந்தப் பார்வையைத்தான்.

கடவுளுக்கு விஞ்ஞானத்திடம் சான்றிதழ் வாங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு பாதிரியாரே சாட்சி. ஜோர்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் எழுதியவர், அதன் தொடக்கத்தை ஓர் ஆதி அணு என்று 1931 இல் சொன்னவர், இன்று பெருவெடிப்பு என்கிறோமே அதன் தகப்பன். 1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்ற மாதிரிப் பேசியபோது முதலில் சங்கடப்பட்டவர் இந்தக் குருவானவர்தான். இனி இப்படிப் பேசவேண்டாம் என்ற ஆலோசனை பாப்பரசருக்குப் போனது, அவரும் அதோடு விட்டுவிட்டார். அப்போது எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலேய வானியலாளர் பிரெட் ஹொய்ல் இருந்தார், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதாடியவர் (அவரோடு பின்னாளில் சேர்ந்து வேலை செய்த சந்திரா விக்கிரமசிங்க எங்கள் கொழும்பில் பிறந்தவர்). ஹொய்ல் வென்றிருந்தால் பாப்பரசரின் கடவுள் என்ன ஆகியிருப்பார்? லெமேத்ர் காலையில் பூசை வைத்தார், பிறகு சமன்பாடு போட்டார், ஒன்றுக்கு மற்றதை முட்டுக் கொடுக்கவில்லை.

சரி, அப்படியென்றால் இரண்டும் எங்கேதான் சந்திக்கின்றன என்று கேட்பீர்கள். 2019 டிசம்பர் 26 ஆம் திகதி காலையைச் சொல்கிறேன். கங்கண சூரிய கிரகணம், யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்தது, கொழும்பில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. எங்கள் ஒழுங்கையில் கோவில் பூட்டியாகிவிட்டது, அம்மா குடத்திலும் சோற்றுப் பானையிலும் தர்ப்பை போட்டுவிட்டுச் சமையலறையை மூடிவிட்டார். மேல் வீட்டுப் பிள்ளை ஏழு மாதக் கர்ப்பிணி, ஜன்னலுக்கெல்லாம் பத்திரிகை ஒட்டி (உங்கள் பத்திரிகைதான்) உள்ளே இருந்தாள். நான் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் ஊசித்துளை போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். பெட்டியே தேவைப்படவில்லை. தொடர்மாடி முற்றத்து மாமரத்தின் கீழே, சீமெந்து நிலம் முழுக்க, நூற்றுக்கணக்கில் பிறைகள். இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு இடைவெளியும் ஓர் ஊசித்துளையாகி, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு தேய்ந்த சூரியனைத் தரையில் இறக்கியிருந்தது. காற்று அடிக்க அவ்வளவும் ஒன்றாக ஆடின.

அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாசல் வரை கூட்டிவந்தேன். மேலே பார்க்கமாட்டேன் என்று முக்காட்டை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தார். கனநேரம் பேசவில்லை. அப்புறம் "இவ்வளவும் சிவபெருமான்ர தலையில இருக்கிற பிறையோ பிள்ளை?" என்றார். வாத்தியார் புத்தி போகுமா? "அது சந்திரன் இல்லை அம்மா, எல்லாம் சூரியன்" என்று திருத்தினேன். "ஆராய் இருந்தால் என்ன" என்றுவிட்டு அந்தப் புள்ளிகளைக் கும்பிட்டார். பக்கத்து வீட்டு சிங்கள அன்ரி பௌத்தர், படைத்தவன் என்று ஒருவன் அவருக்கு இல்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிழலுக்குள் நின்றார். மூன்று பேரும் அவரவர் நம்பிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ளாமல் அரை மணித்தியாலம் அங்கே நின்றோம்.

அம்மாவுக்கு இரத்தத்தில் இரும்பு குறைவு, வைத்தியர் குளிசை எழுதியிருக்கிறார். அந்தக் குளிசையில் இருக்கிற இரும்பு எங்கேயோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களில் உண்டானது, பூமி தோன்ற முதலே, என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து குளிசையைக் கண்ணில் ஒற்றிவிட்டு விழுங்குகிறார். நான் சிரிக்கவில்லை.

ஆனால் கட்டுரையாளர் தொடவே தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது, அதைத் தொடாமல் பிரபஞ்சமே கடவுள் என்று எங்கள் நாட்டில் எழுதக்கூடாது. அந்தக் கிரகணத் திகதியைப் பாருங்கள், டிசம்பர் 26. அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன், 2004 இல், அதே திகதியில்தான் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். கல்முனைப் பக்கத்தில் என் சிநேகிதி ஒருத்தி இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தாள். அவளைப் பார்க்கப் போயிருந்த வீட்டில், கடல் மாதா கோபித்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, "என்ர பிள்ளையள் அவவுக்கு என்ன செய்தவை?" என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். எல்லாமே கடவுள் என்றால் அந்த அலையும் கடவுள்தானே, இதை அவள் முன்னால் போய் யார் சொல்வது?

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான், அதுவும் கனகாலம் கழித்து. சுமாத்திராவுக்கு அருகே கடலுக்கு அடியில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளத்துக்குத் தட்டு வழுகியது, அதில் கோபம் இல்லை, தண்டனை இல்லை, உன் பெயர் அதற்குத் தெரியாது. இது ஆறுதலா என்று கேட்டால், ஒருநாள் அவளே சொன்னாள், தான் ஏதோ பாவம் செய்ததாக நினைத்துக் கிடந்த பாரம் அதோடு கொஞ்சம் இறங்கியது என்று. இன்னொன்றும் உண்டு. நிலம் அதிர்ந்தது எங்கள் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன், கிழக்குக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பசிபிக் பக்கத்தில் 1949 இலிருந்து சுனாமி எச்சரிக்கை நிலையம் இருக்கிறது, இந்து சமுத்திரத்துக்கு அன்று ஒன்றும் இல்லை. கடவுளைக் குற்றம் சாட்டி முடித்தாலும் சரி, விடுதலை செய்து முடித்தாலும் சரி, அந்த இரண்டு மணித்தியாலம் மனிதர் கணக்கில் அப்படியே கிடக்கிறது.

கட்டுரையாளருக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜெனீவா வரை போயிருக்கத் தேவையில்லை. 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இருக்கிறார். விஞ்ஞானம் படிப்பித்துவிட்டுத் துறவியானவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரும் யாழைப் புரிந்துகொள்ள ஒலியின் கணக்கோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார், அதே வருடம் காலமானார். பழைய நூலில் சொன்னது என்பதற்காக விட்டுவிடாமல் நரம்பின் நீளத்தைப் போட்டுப் பார்த்தவர். அவர் பெயர் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2031 மே 21 இல் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவில் தெரியும், எங்களுக்கும் கொழும்பில் சூரியனின் பெரும்பகுதி மறையும். வழக்கம்போலக் கோவில் நடை சாத்தும் நேரமும் தோஷ நட்சத்திரங்களும் போடுவீர்கள், போடுங்கள், அம்மா அதைத்தான் முதலில் பார்ப்பார். அதற்குப் பக்கத்தில் நான்கு அங்குல இடம் ஒதுக்கி, வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவேண்டாம், சப்பாத்துப் பெட்டியில் துளை போடுவது இப்படி, பெட்டி இல்லாவிட்டால் ஒரு மரத்தின் கீழே போய் நிலத்தைப் பாருங்கள் என்று போடமுடியுமா? படம் வேண்டுமென்றால் நான் கீறித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.