வருமான வரம்பும் வலியும்

ஐயா,

அரசு மருத்துவமனையா, தனியாரா என்ற விவாதத்தில், இரண்டுக்கும் நடுவே சிக்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்றாலும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 11,000 ரூபாய் சம்பளத்தில் ஜவுளிக்கடையில் நிற்கும் என் தம்பி, இந்தக் கணக்கில் வசதி படைத்தவராகிவிட்டார்! மனைவியின் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்ட, அவர் தாலிச் சங்கிலியை அடகு வைத்தார். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்திருப்பார்கள் என்பது உண்மைதான்; ஆனால் ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்ன சீட்டு இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. வருமான வரம்பை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதோடு, அரசு மருத்துவமனைகளில் மாலையிலும் ஸ்கேன் எடுக்க ஆள் நியமிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், விழுப்புரம்