கையெழுத்தைக் கொடுத்துவிட்டேன்

அன்புள்ள மணி,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அறக்கட்டளைப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். பத்தொன்பது வருடம் கழித்து. "உன்னை நாற்காலியோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும்" என்று நீ சொன்னதை எங்கள் நிர்வாகக் குழுப் பெரியவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் போன வருடக் கூட்டம். ஒரு திட்டத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று ஓட்டெடுப்பு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து மாட்டி நிமிரும்வரை ஒரு கைகூட எழவில்லை. ஏழு பேரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகக் குழு இருப்பதே என்னைக் கேள்வி கேட்க. தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்ப. ஆனால் ஏழு பேரையும் தேடிப் பிடித்துச் சேர்த்தவன் நான். யார் கேட்பார்கள்?

அன்று ராத்திரி ஹென்றி துனானை நினைத்துக்கொண்டேன். 1863-இல் செஞ்சிலுவையைத் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவர். சில வருடங்களிலேயே தொழில் நொடித்து, குழுவிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1901-இல் முதல் அமைதி நோபலில் பாதி அவருக்குக் கிடைத்தபோது, அவர் இல்லாமலே இயக்கம் நாடு நாடாகப் பரவியிருந்தது. இத்தனை நாள் 'பாவம் துனான்' என்றுதான் நினைத்திருந்தேன். நானில்லாமல் எங்கள் அமைப்பு ஆறு மாதம் ஓடுமா என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். தூக்கம் போயிற்று.

நீ அடிக்கடி சொல்லும் அமெரிக்கக் கோடீஸ்வரர் சக் ஃபீனியின் வழி எங்களுக்கு ஆகாது. சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு 2020-இல் அவருடைய அறக்கட்டளை கடையை மூடியது. தீர்ப்பதற்கு அவரிடம் பணம் இருந்ததப்பா. எங்கள் கையிருப்பு மூன்று மாதச் சம்பளம்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாளே, நம் கேள்விக்காரி, அவள்தான் இப்போது தலைமை. வங்கியில் என் பெயரை நீக்கச் சொல்லும் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் கோணியது. சரியாக இல்லை என்று இன்னொருமுறை போடச் சொன்னார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், மணி. முடியவில்லை. பயிற்சிக்குப் பணம் கேட்டால் நிதி தருபவர்கள் தருவார்கள். அதன் கணக்கை எழுதுபவருக்குச் சம்பளம் கேட்டால் 'நிர்வாகச் செலவு' என்று முகம் சுளிப்பார்கள். உனக்குத் தெரியாததா? அந்த ஓட்டையை இத்தனை வருடமும் நான் சிரித்துப் பேசி, அங்கே இங்கே திருப்பிச் சமாளித்தேன். யாரும் இது ஓட்டை என்றே அறியாமல் பார்த்துக்கொண்டேன். அதைத்தான் திறமை என்றும் நினைத்திருந்தேன். இவள் வந்த இரண்டாம் வாரமே கணக்காளரின் முழுச் சம்பளத்தையும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதி அனுப்பிவிட்டாள். நிதி தருபவர் அவளைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். "என்ன சார், புதுசா இருக்கு?"

"விடுங்க, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பத்து விநாடி இருக்குமா? அவள் இரண்டு வாரம் கட்டியதை அதற்குள் இடித்துவிட்டேன். மறுநாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமைதியாக வந்து, "ஆபீஸ் சாவி உங்களிடம் இருக்கிறதா சார்?" என்றாள். கொடுத்தேன். நிதி தருபவருக்கும் ஃபோன் செய்து, அந்த வரி இருக்கட்டும், அவளிடமே பேசுங்கள் என்றேன். அவர் இன்னும் பேசவில்லை. நான் தினமும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு வரக் கூடாதே என்று. வந்தால் எடுக்காமல் இருப்பேனா, அதுவும் தெரியவில்லை.

குழுவில் இப்போது இரண்டு இடம் காலி. பெரியவர் உன் பெயரைச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாதே, நீயும் என் ஆள்தானே.

உன்,
சேது